அலை நிற்கும் பத்து நிமிடம்

அலைக்குளத்தில் வேலை பார்க்கிறவர்கள் கோடை முழுக்கக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “ஏன் சார் நிறுத்திட்டீங்க?” சங்கு ஊதி, சுவருக்குப் பின்னால் ப்ளோயர்களின் இரைச்சல் அடங்கி, தண்ணீர் சமமானதும் அந்தக் கேள்வி கிளம்பிவிடும். கேட்கிறவர்களின் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. ஆரணியிலிருந்து விடியற்காலையில் வேன் பிடித்து, டோல்கேட்டில் காத்து நின்று, ஆளுக்கு ஒரு டிக்கெட் எடுத்து, நைலான் உடைக்கு வாடகையும் லாக்கருக்கு முன்பணமும் கட்டிவிட்டு உள்ளே வந்தால், பத்து நிமிடம் அலை, அடுத்த பத்து நிமிடம் வெறும் தண்ணீர்.

“மெஷின் சூடாயிடும்மா, கொஞ்சம் ஆறணும்” என்று சொல்லிச் சமாளிப்பார், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்கா ஒன்றில் அலைக்குளத்துக்குப் பொறுப்பாளராக இருக்கும் ஒருவர். அது பொய்யில்லை. ஆனால் அது பாதி பதில்தான். மீதிப் பதிலை நனைந்த உடம்போடு நிற்கும் குடும்பத்திடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அதை அவர் புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களுக்கு மட்டும் சொல்கிறார்: அலை அடிக்கிற நேரத்தில் நாம் காவல் காக்கிறோம், அலை நிற்கிற நேரத்தில்தான் வேலை செய்கிறோம்.

கோவளத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் பிறந்தவர் அவர். அப்பா கட்டுமரக்காரர். கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகி, இரு பக்கமும் ரிசார்ட்டுகளும் பொழுதுபோக்குப் பூங்காக்களும் முளைத்த காலத்தில், நீச்சல் தெரிந்த பையன்கள் வேண்டும் என்று ஒரு பூங்காவிலிருந்து ஆள் தேடி வந்தார்கள். மாதச் சம்பளம், மதியச் சாப்பாடு, ஒரு சிவப்பு டிராயர், ஒரு விசில். சேர்ந்தவர் கரையோர நாற்காலியில் தொடங்கி, பம்பு ரூமுக்குப் போய், வால்வும் பில்டரும் குளோரினும் கற்று, இப்போது அலைக்குளத்தின் முழுப் பொறுப்பையும் பார்க்கிறார். குப்பத்துப் பையன்கள் இன்னும் அவரிடம்தான் வேலை கேட்டு வருகிறார்கள்.

வருகிறவர்களுக்கு முதல் பாடம் மெஷின் ரூமில். ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பின்னால் வரிசையாகக் கான்கிரீட் அறைகள். சேம்பர் என்பார்கள். ஒவ்வொன்றின் அடிப்பகுதியும் குளத்துக்குத் திறந்திருக்கும், மேலே காற்று அடைத்திருக்கும். ராட்சத ப்ளோயர் அந்த அறைக்குள் காற்றை அழுத்தினால் உள்ளே இருக்கும் தண்ணீர் கீழே இறங்கி, அடித்திறப்பு வழியாகக் குளத்துக்குள் தள்ளப்படும். உடனே வால்வு திறந்து காற்றை வெளியேற்றும், தண்ணீர் மறுபடி உள்ளே ஏறும். இரண்டு மூன்று வினாடிக்கு ஒரு தடவை இந்த அழுத்தலும் விடுதலும் நடந்தால் குளத்தில் அலை பிறக்கிறது. எல்லா அறைகளும் ஒன்றாக மூச்சு விட்டால் நேர்க்கோட்டு அலை. ஒன்றுவிட்டு ஒன்று மாறி மாறி விட்டால் அலைகள் குறுக்கும் நெடுக்குமாக வெட்டி, வைர வடிவக் கட்டங்களாக எழும். மக்களுக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வகை. காவலர்களுக்குப் பிடிக்காததும் இதுதான், அலை எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று குளிப்பவருக்குத் தெரியாது. அந்தச் சுவருக்கு முன்னால் கயிறு கட்டி யாரையும் விடாமல் வைப்பதற்குக் காரணம் வேறு. தண்ணீரைத் தள்ளும் திறப்பு அடுத்த நொடியே உள்ளே இழுக்கவும் செய்யும்.

இது ஒன்றும் நேற்றைய கண்டுபிடிப்பு இல்லை. ஜெர்மனியின் பவேரியாவில் ஸ்டார்ன்பெர்க் ஏரிக்கரையில் 1905லேயே செயற்கை அலையில் குளிக்க ஆட்கள் கூடியிருக்கிறார்கள். அந்த ‘உண்டோசா’ இயந்திரத்தில் ஒன்று 1911ல் டிரெஸ்டன் சுகாதாரக் கண்காட்சியில் வைக்கப்பட்டு, மறு ஆண்டு பக்கத்து ஊரான ராடெபாயிலில் இருந்த பில்ட்ஸ்பாட் குளத்துக்குப் போனது. புடாபெஸ்டின் கெல்லர்ட் குளியலகத்தில் 1927ல் அலைக்குளம் வந்தது. அமெரிக்காவில், பாலைவன மாநிலமான அரிசோனாவின் டெம்பி ஊரில் 1969ல் அலைச்சறுக்கு விளையாடுவதற்கென்றே ‘பிக் சர்ஃப்’ திறந்தது. அடுத்த ஆண்டு அலபாமாவின் டிகேட்டர் நகராட்சி தன் மக்களுக்காக ‘பாயின்ட் மாலர்டு’ பூங்காவில் ஒன்றைக் கட்டியது. அந்த ஊர் மேயர் ஜெர்மனிக்குப் போனபோது அலைக்குளத்தைப் பார்த்துவிட்டு வந்ததுதான் தொடக்கம்.

இந்தியாவுக்கு அது கேளிக்கைப் பூங்காக்களோடு வந்தது. மும்பை கோராயில் 1989ல் எஸ்ஸெல் வேர்ல்டு, 1998ல் அதன் பக்கத்திலேயே வாட்டர் கிங்டம். தாம்பரம் அருகே 1995ல் கிஷ்கிந்தாவைத் தொடங்கியவர், இந்தியாவின் முதல் 3டி படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ எடுத்த நவோதயா அப்பச்சன். வி-கார்டு நிறுவனத்தின் கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி 2000ல் கொச்சியில் வீகாலாண்டைத் திறந்தார். பிறகு அது வண்டர்லா என்று பெயர் மாறி, பெங்களூரு, ஹைதராபாத் வழியாகச் சென்னைப் பக்கமும் வந்து சேர்ந்துவிட்டது. மேட்டுப்பாளையத்தில் நீலகிரி அடிவாரத்து பிளாக் தண்டருக்குப் போகாத பள்ளிச் சுற்றுலாவே கொங்கு நாட்டில் குறைவு. ஆக, இரண்டு தலைமுறைத் தமிழர்கள் அலைக்குளத்தில் குளித்துவிட்டார்கள். நீச்சல் கற்றவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கணக்கு.

நீச்சல் தெரியாதவர்கள் நிறைந்த குளத்தைக் காப்பது தனித்தொழில். கடலோரத்துப் பையன்களுக்கே அது முதலில் பிடிபடுவதில்லை. கடலில் ஆபத்தில் மாட்டியவன் தனியாக இருப்பான். கூட்டத்தை விட்டு ஒரு தலை மட்டும் விலகிப் போவதைக் கரையிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். அலைக்குளத்தில் மூழ்குகிறவனைச் சுற்றி, கைக்கெட்டும் தூரத்தில் பத்துப் பேர் சிரித்துக்கொண்டிருப்பார்கள். கடலைப் பார்த்துப் பழகிய கண் தூரத்தைத் தேடும். இங்கே தேட வேண்டியது கிட்டத்தில். சேர்ந்த புதிதில் பையன்கள் எல்லாரும் ஆழமான பக்கத்தையே முறைத்துக்கொண்டிருப்பார்கள். அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் நீந்தத் தெரிந்தவர்கள், அல்லது டியூபைக் கெட்டியாகப் பிடித்திருப்பவர்கள். வம்பு நடப்பது நடுவில், மூன்றடி முதல் நாலடி வரை தண்ணீர் நிற்கும் பட்டையில்.

காரணத்தை அவர் சுவரில் கரிக்கோடு போட்டுக் காட்டுவார். நிற்கும் தண்ணீர் நாலடி. அதில் மூன்றடி அலை வந்தால் முகடு ஐந்தரை அடிக்கு ஏறும், பள்ளம் இரண்டரை அடிக்கு இறங்கும். ஐந்தடி இரண்டு அங்குலம் உயரமுள்ள பெண்ணுக்கு ஒரு நொடி இடுப்பளவு, அடுத்த நொடி தலைக்கு மேல். அவர் நின்றிருந்த இடம் மாறவேயில்லை. அலை இறங்கும்போது கால் தரையில் படுவதால் ‘நமக்கு எட்டுது’ என்ற தைரியம் வரும். அடுத்த அலை தூக்கிவிட்டு ஓரடி உள்ளே இறக்கிவிடும். நாலைந்து அலைக்குப் பிறகு கால் எட்டுவதில்லை.

மெரினாவில் கால் நனைக்கிறவர்களுக்குக் கடல் மேல் பயம் உண்டு. அங்கே குளிக்கக் கூடாதென்று போலீஸ் விரட்டும், அடியில் இழுக்கும் நீரோட்டத்தைப் பற்றிச் சின்ன வயதிலேயே சொல்லி வளர்த்திருப்பார்கள். அதே ஆட்கள் டைல்ஸ் பதித்த குளத்துக்கு வந்ததும் பயத்தைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டு வருகிறார்கள். கைக்குழந்தையைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு அப்பாக்கள் நடுப்பட்டைக்குப் போவதை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் விசிலடித்துத் திருப்ப வேண்டியிருக்கும். “நான் பிடிச்சிட்டுத்தானே சார் இருக்கேன்!” என்பார்கள். அலை முகத்தில் அறையும்போது மனுஷன் அனிச்சையாகக் கையை எடுத்துக் கண்ணைத் துடைப்பான். பிடி விடுவது அந்த நொடியில்தான்.

மூழ்குகிறவன் கையை வீசி “காப்பாத்துங்க” என்று கத்துவான் என்பது சினிமா கற்றுக்கொடுத்த பாடம். நியூயார்க்கின் ஆர்ச்சர்டு கடற்கரையில் உயிர்காவலராக இருந்த ஃபிராங்க் பியா, நிஜமான மீட்புகளைப் படம் பிடித்து 1970களில் காட்டியது அதற்கு நேர் எதிர். மூழ்குகிறவரால் கத்த முடியாது. வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்தச் சிறு இடைவெளியில் மூச்சு வாங்கவே நேரம் போதாது. கை அசைத்துக் கூப்பிடவும் முடியாது. இரண்டு கையும் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும். உடம்பு செங்குத்தாக நிற்கும், கால் உதைக்காது. இப்படி 20 முதல் 60 வினாடி வரை போராட்டம், பிறகு அமிழ்ந்துவிடுவார். அதுவரை சத்தமே இருக்காது. நீர்ப்பூங்காக் காவலர்களுக்கு அமெரிக்காவின் எல்லிஸ் நிறுவனம் வகுத்த 10/20 விதி இந்தக் கணக்கிலிருந்துதான் புரிகிறது: தன் பகுதியை 10 வினாடிக்குள் ஒருமுறை முழுக்கப் பார்த்துவிட வேண்டும், பிரச்சினையைக் கண்டால் அடுத்த 20 வினாடிக்குள் ஆளிடம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

அவர் பையன்களுக்குச் சொல்வது இன்னும் சுருக்கம். “தலைய எண்ணாத. மொகத்தப் பாரு. சிரிக்குதா, மொறைக்குதா, முடி கண்ண மறைக்குதா? கண்ண மறைச்ச முடிய கையால ஒதுக்காம ஒருத்தன் இருந்தா, அவன் கை வேற வேலையா இருக்குன்னு அர்த்தம்.”

பள்ளி விடுமுறைக் கூட்டம் நெரிந்த ஒரு மே மாத மதியம். ஒன்பது பத்து வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை, மஞ்சள் டியூப். அப்பா இரண்டு கை தூரத்தில், கழுத்தில் தொங்கிய பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். குறுக்கலை ஒன்று டியூபைப் புரட்டியது. டியூப் மறுபடி நிமிர்ந்து, அலையோடு எப்போதும் போல ஏறி இறங்கியது, உள்ளே ஆள் இல்லாமல். நாற்காலியில் இருந்த பையன் தேடியது டியூபை அல்ல, அதற்குள் இருந்திருக்க வேண்டிய முகத்தை. ஒரே நீள விசில், நாற்காலிக் கைப்பிடியில் இருந்த சிவப்புப் பொத்தான், கையில் சிவப்பு மீட்பு மிதவையோடு குதி. பொத்தானை அழுத்தினால் ப்ளோயர் உடனே நின்றுவிடும், ஆனால் ஏற்கெனவே கிளம்பிவிட்ட அலைகள் கரையேறும் வரை ஓயாது. அந்த மூன்று நாலு அலைகளையும் முதுகில் வாங்கிக்கொண்டு, வேறொரு டியூபின் அடியில் தட்டுப்பட்ட முடியைத் தொட்டு, அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். குழந்தை இருமியது, வாந்தி எடுத்தது, பிறகு வீறிட்டு அழுதது. அழுகைச் சத்தம் கேட்டால்தான் பக்கத்து நாற்காலிக்காரர்களுக்கு மூச்சு வரும்.

அப்பா அப்போதுதான் போனைத் தாழ்த்தினார். “என்னா சார் ஆச்சு?” அவர் எடுத்த வீடியோவிலேயே எல்லாம் பதிவாகியிருந்தது. மகள் காணாமல் போன நொடியில் படத்தின் ஓரத்தில் தெரிவது ஒரு மஞ்சள் டியூபும் நாலைந்து சிரித்த முகங்களும்தான். முதலுதவி அறையில் ஆக்சிஜன் கொடுத்து, சரியாகிவிட்டது என்று வீட்டுக்குக் கிளம்பிய குடும்பத்தைப் பொறுப்பாளர் விடவில்லை. நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருந்தால் மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம், அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும். பூங்கா ஜீப்பிலேயே அனுப்பிவைத்தார்.

இப்போது அந்தப் பத்து நிமிடத்துக்கு வரலாம்.

அலை ஓடும்போது காவலருக்குத் தெரிவது மேல்பரப்பு மட்டும். நுரையும், உடைந்த வெளிச்சமும், உச்சி வெயிலின் கண்கூச்சமும் சேர்ந்து அடித்தரையை மறைத்துவிடும். தண்ணீர் சமமானால்தான் தரை தெரியும். அதனால் சங்கு ஊதியதும் முதல் வேலை, ஒவ்வொரு காவலரும் எழுந்து நின்று, தன் பகுதியின் அடித்தரையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கண்ணால் துழாவுவது. ஆழத்தில் இருக்கும் வடிகால் கம்பிச்சட்டம் கரையில் நின்று பார்த்தால் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அடுத்த அலை கிடையாது, கூட்டம் எவ்வளவு கத்தினாலும் கிடையாது. அதன்பிறகு ஆள் மாற்றம். ஒரே நாற்காலியில் ஒருவனை மணிக்கணக்கில் உட்கார வைத்தால் கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. அரை மணிக்குள் இடம் மாற்றி, நிழலுக்கு அனுப்பி, மோரோ உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸோ கொடுத்துத் திரும்பக் கூட்டி வர வேண்டும்.

கூட்டத்துக்கும் அந்த இடைவேளை வேண்டும். களைத்தவர்கள் தாங்களாகவே கரையேறுவார்கள். அலையில் உள்ளே தள்ளப்பட்டவர்கள் தங்கள் ஆழத்துக்குத் திரும்புவார்கள். அம்மாக்கள் பிள்ளைகளை எண்ணுவார்கள். “எங்கடி உன் தம்பி?” என்ற குரல் அலைக்குளத்தில் ஒலிப்பது எப்போதும் அலை நின்ற பிறகுதான், ஓடும்போது யாருக்கும் தம்பி ஞாபகம் வருவதில்லை.

கரையோரத்தில் நாலங்குலத் தண்ணீரில் படுத்துக்கொள்ளும் பாட்டிகளும் சிறுபிள்ளைகளும் தனிக் கவலை. அங்கே யாரும் மூழ்க மாட்டார்கள் என்று புதுப் பையன் நினைப்பான். முதலுதவிப் பதிவேட்டில் அதிகமாக எழுதப்படுவது அந்த இடத்துக் காயங்கள்தான். வழுக்காமலிருக்கத் தரையைச் சொரசொரப்பாக விட்டிருப்பார்கள். உடைந்து ஓடிவரும் அலை ஆளைப் புரட்டி அந்தத் தரையில் தேய்க்கும். முழங்கால், முழங்கை, மூக்கு நுனி. ஓடிவந்து தலைகீழாகப் பாயும் கல்லூரிப் பையன்களை விரட்டுவதும் அங்கேதான். கழுத்தெலும்புக்கு இரண்டடித் தண்ணீர் தாங்காது.

தண்ணீரைப் பார்த்துக்கொள்வது இந்தத் தொழிலின் மறுபாதி. காலை ஆறு மணிக்கு அவர் கையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்கும். அதில் குளத்து நீர், ஒரு டிபிடி மாத்திரை. ரோஜா நிறம் எவ்வளவு அழுத்தமாக வருகிறதோ அவ்வளவு குளோரின். லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை வைத்துக்கொள்வது வழக்கம், கூட்ட நாளில் மேல் அளவை ஒட்டி. இன்னொரு குப்பியில் பிஎச். குளோரின் சரியாக இருந்து பிஎச் தவறினால் பயனில்லை. 7.5ல் இருந்தால் குளோரினில் ஏறக்குறையப் பாதி கிருமியைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும், 8க்கு ஏறினால் கால்வாசிதான். கத்திரி வெயில் வேறு எதிரி. நிலைநிறுத்தும் மருந்தான சயனூரிக் அமிலம் கலக்காத திறந்தவெளிக் குளத்தில், உச்சி வெயில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரினைத் தின்றுவிடும். அதனால் மே மாதத்தில் அந்தக் குப்பி நாள் முழுக்கக் கையை விட்டு இறங்காது.

“குளோரின் நாத்தம் தாங்கல சார், கண்ணெல்லாம் எரியுது, கம்மியா போடுங்க” என்று புகார் வரும். உண்மையில் அந்த நாற்றம் நல்ல குளோரினுடையது அல்ல. வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து குளோரின் குளோரமைனாக மாறியதால் வருவது. நாற்றம் அடித்தால் குளோரினைக் கூட்டியோ, பழைய நீரை வெளியேற்றிப் புதுநீர் சேர்த்தோதான் சரிசெய்ய வேண்டும். இறங்குவதற்கு முன் எல்லாரும் ஒரு நிமிடம் ஷவரில் நின்றாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நம் ஊரில் அதற்கு மேல் தேங்காய் எண்ணெய். தலைக்கு வழிய வழிய வைத்துப் பின்னிக்கொண்டு வரும் பிள்ளைகள் இறங்கிய நாளில் டைல்ஸ் ஓரமாக நீர்மட்டத்தில் பழுப்புக் கோடு விழும், மணல் பில்டருக்குள் மணல் கட்டிகட்டியாகத் திரளும். ராத்திரியில் தண்ணீரை எதிர்த்திசையில் செலுத்தி மணலை அலசும்போது வெளிவரும் முதல் நீரைப் பார்த்தவர்கள் அடுத்த நாள் குளத்து நீரை வாயில் கொப்பளிக்க மாட்டார்கள்.

குளோரின் இருந்தால் எல்லாம் சாகும் என்பதும் இல்லை. ஈ.கோலை போன்ற பாக்டீரியா ஒரு நிமிடத்துக்குள் செத்துவிடும். பேதியை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, சரியாகக் குளோரின் கலந்த நீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையைத் தண்ணீரில் இறக்காதீர்கள் என்ற அறிவிப்புப் பலகையை யாரும் படிப்பதில்லை. டைப்பர் கட்டிய குழந்தையை அலைக்குளத்துக்குள் கொண்டுவந்தால் அவர் தானே எழுந்து போய்ப் பேசுவார்.

நுழைவாயிலில் தினமும் நடக்கும் சண்டை உடையைப் பற்றியது. நைலான் அல்லாதது உள்ளே வரக் கூடாது. வாடகைக்கு விடுவதற்காகச் செய்யும் தந்திரம் என்றே பலரும் நினைக்கிறார்கள். பருத்தி நூல் உதிர்ந்து, பம்புக்கு முன்னால் இருக்கும் வலைக்கூடையில் முடியோடு சேர்ந்து பஞ்சாகத் திரிந்து அடைத்துக்கொள்ளும். கூடை அடைத்தால் நீரோட்டம் குறையும், குளம் கலங்கும், அடித்தரை மறையும். அதோடு, நனைந்த பருத்தி உடம்பை இழுக்கும். புடவையோடு இறங்கினால் கொசுவம் பிரிந்து இரண்டு காலையும் சுற்றிக்கொள்ளும்.

வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாள், பேரன்களோடு. புடவையை மாற்றவே மாட்டேன் என்றார்.

“அறுவது வயசுல இந்தப் பொம்மச் சட்டையப் போட்டுக்கிட்டு நான் நிக்கணுமா தம்பி?”

“நிக்க வேணாம்மா. அந்த நெழல்ல ஒக்காந்துக்குங்க, பசங்கள நான் பாத்துக்கறேன்.”

“பசங்கள நீ பாத்துக்குவ. அலைய யார் பாக்கறது?”

பதில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. முழுக்கை நைலான் சட்டையும் கணுக்கால் வரை கால்சட்டையும் எடுத்துத் தரச் சொன்னார். அந்த அம்மாள் அதைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் ஒரு நைலான் துப்பட்டாவைத் தோளில் போட முடியுமா என்று பேரம் பேசி, சாயங்காலம் வரை கரையோரத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தார்.

பூட்டிய பிறகு குளத்தைக் கூட்டுவது ஒரு புதையல் வேட்டை. வடிகால் சட்டத்தின் மேல் விரித்த வலையில் கொண்டை ஊசி, ரப்பர் பேண்ட், மூக்குக் கண்ணாடி, மெட்டி, எப்போதாவது ஒரு பல்செட். கம்மல் தொலைந்தது என்று அழுதுகொண்டு போன பெண்ணுக்குப் பெரும்பாலும் கம்மல் கிடைத்துவிடும், திருகாணி கிடைக்காது. கிடைத்ததையெல்லாம் நோட்டில் எழுதி, கவரில் போட்டு, ஆபீஸில் ஒப்படைக்க வேண்டும்.

மழையை எல்லாரும் கொண்டாடுவார்கள், அவரைத் தவிர. கோடை மாலையில் மேற்கே மேகம் திரண்டு, தூரத்தில் ஒரு இடி கேட்டாலும் குளத்தைக் காலி செய்ய வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி இறக்கலாம். மின்னல் குளத்தில் நேரடியாக விழ வேண்டும் என்பதில்லை, பக்கத்தில் விழுந்தாலும் நனைந்த தரையிலும் இரும்புக் கைப்பிடியிலும் மின்சாரம் பாயும். “ஒரு சொட்டு மழை இல்ல, எதுக்கு வெளிய போகச் சொல்றீங்க? காச திருப்பிக் குடுங்க” என்று சூழ்ந்துகொள்வார்கள். இருபத்தெட்டாவது நிமிடத்தில் இன்னொரு இடி கேட்டால் கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும். அந்த நேரங்களில் மைக்கைப் பிடிக்க அவர் பூங்காவின் பாட்டுக்காரப் பையனை அனுப்புவார். கூட்டம் அவன் பேச்சை மதிக்கும்.

2019 கோடையில் செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் நான்கும் வறண்டு, சென்னைத் தெருக்களில் குடங்கள் வரிசையில் நின்றபோது, அலைக்குளத்து வேலையை ஊரில் சொல்லவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. குளத்து நீர் தினமும் மாற்றப்படுவதில்லை, வடிகட்டிச் சுற்றிச் சுற்றி வருகிறது என்று விளக்கினாலும் யாரும் நம்பவில்லை. நம்பாததிலும் பாதி நியாயம் உண்டு: வெயிலில் ஆவியாவது, அலை தெறித்து வெளியே போவது, பில்டர் அலச எடுப்பது என்று அன்றாடம் இழப்பு இருக்கத்தான் செய்கிறது. அந்த வருஷம் அலை நேரத்தைக் குறைத்தார்கள், அலசிய நீரைத் தெளியவைத்துத் தோட்டத்துக்கு விட்டார்கள். அந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது.

அடுத்த கோடைக்கான வேலை ஜனவரியிலேயே ஆரம்பமாகிவிடும். காணும் பொங்கல் கூட்டம் கலைந்ததும் குளத்தை வடித்து, பெயர்ந்த டைல்ஸைப் பதித்து, வால்வுகளைப் பிரித்துத் துடைத்து, ப்ளோயர் பெல்ட்டை மாற்றி, சேம்பர் முகப்புக் கம்பிகளை இழுத்துப் பார்க்க வேண்டும். குளோரின் மருந்தும் அமிலமும் பக்கத்துப் பக்கத்தில் இல்லாமல் தனித்தனி அறையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் கலந்தால் விஷவாயு கிளம்பும். பிப்ரவரியில் ஆள் எடுப்பு. குப்பத்திலிருந்தும், நெம்மேலி, பட்டிபுலம் பக்கமிருந்தும் பையன்கள் வருவார்கள், இப்போது இரண்டொரு பெண்களும். நீச்சல் சோதனையில் அநேகமாக எல்லாரும் தேறிவிடுவார்கள்.

தேர்வு அதற்குப் பிறகு, கரையில் இரண்டு நாற்காலி போட்டு நடக்கும். வந்தவரைக் குளத்தைப் பார்த்து உட்கார வைத்து, தான் பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டு, அவர் சாவகாசமாக ஊர் விஷயம் கேட்பார். அப்பா என்ன தொழில், படகு எத்தனை குதிரைசக்தி, அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா. மரியாதை தெரிந்த பையன்கள் அவர் பக்கம் திரும்பி, முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். போன பிப்ரவரியில் வந்தவர்களில் ஒரு பெண் மட்டும் கடைசி வரை திரும்பவில்லை. தண்ணீரில் பழகிக்கொண்டிருந்த நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தபடியே, படகில் இருப்பது ஒன்பதரை குதிரைசக்தி இன்ஜின் என்றாள், அண்ணனுக்கு வைகாசியில் கல்யாணம் என்றாள். மறுநாளே வரச் சொல்லி, நடுப்பட்டையை அவளிடம் கொடுத்தார்.